சக்தி: ஒரே விரிப்பில் அமர்ந்த ஐவர்

தபேலாக் கலைஞர் சாகிர் ஹுசைன் 2024 டிசம்பர் 15ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில் காலமானார். அதற்கு அடுத்த நாட்களில் உலகெங்கும் எழுதப்பட்ட அஞ்சலிக் குறிப்புகளில் இயன்றவற்றைத் தேடிப் படித்தேன். தந்தையார் அல்லா ரக்காவிடம் அவர் பெற்ற பயிற்சி, அதே ஆண்டு பெப்ரவரியில் ஒரே இரவில் அவர் பெற்ற மூன்று கிராமி விருதுகள், அவருடைய விரல்களின் வேகம் என்று எல்லாவற்றையும் எழுதியிருந்தார்கள். ‘சக்தி’ என்ற குழுவின் பெயரும் தவறாமல் வந்தது. ஆனால் அந்தக் குழுவின் முதல் இசைத்தட்டைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுதியவர்கள் மிகச் சிலரே. அந்தக் குறையை நிரப்பவே இதை எழுத நினைத்தேன். எனக்கும் அந்த இசைத்தட்டுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு என்பது இன்னொரு காரணம்.

நான் அதை முதன்முதலாகக் கேட்டது 1993 இல், யாழ்ப்பாணத்தில். பத்திரிகைத் தொழிலுக்கு அப்போது புதியவன். குடாநாட்டில் மின்சாரம் நின்று மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. பற்றரி, பெற்றோல் எல்லாமே தடைசெய்யப்பட்ட பொருட்கள். பத்திரிகையே அப்பியாசக் கொப்பித் தாளில் அச்சாகிய காலம் அது. பாட்டுக் கேட்க விரும்பியவர்கள் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, பின்சில்லோடு உரசும் டைனமோவிலிருந்து வயர் இழுத்துக் கசெற் பெட்டியை இயக்குவார்கள். நண்பர் ஒருவரின் வீட்டு விறாந்தையில் அப்படித்தான் கேட்டோம். இலண்டனில் இருந்த அவருடைய உறவினர் எப்போதோ பதிந்து அனுப்பிய ஒலிநாடா. அதன் மேல் பென்சிலால் ‘சக்தி’ என்று மட்டும் எழுதியிருந்தது. பக்திப் பாடல் என்று நினைத்துத்தான் போட்டோம்.

வந்தது பக்திப் பாடல் அல்ல. ஒரு கிற்றாரும் ஒரு வயலினும் மூச்சு வாங்காமல் ஒரே சுரவரிசையை ஒன்றாக ஓடின. அடியில் மிருதங்கம், கடம், தபேலா மூன்றும் சேர்ந்து முழங்கின. அந்த வேகத்துக்கு எங்கள் சைக்கிள் ஈடுகொடுக்கவில்லை. சுற்றுகிறவரின் கை சோர்ந்தால் சுருதியும் இறங்கிவிடும். இரண்டாம் பக்கத்தில் இருந்த ஒரே உருப்படி ஏறத்தாழ 29 நிமிடம். இரண்டு பேர் மாறிமாறிச் சுற்றி அதை முடித்தோம். முடிந்தபோது இருவருக்கும் வியர்த்திருந்தது.

அன்று எங்களுடன் முதியவர் ஒருவரும் இருந்தார். ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியர். நாங்கள் அவரை மாஸ்டர் என்றுதான் அழைப்போம். முதற்பக்கம் முடிந்ததும் அவர், “இது சங்கீதமில்லைத் தம்பி, சாம்பார்” என்றார். நானும் தலையாட்டினேன். அந்த வயதில் எனக்குச் சொந்தக் கருத்து என்று ஒன்றும் இருக்கவில்லை. கலப்பு என்றால் கீழானது, தூய்மை என்றால் உயர்ந்தது என்பது இசையில் மட்டுமல்ல, எல்லாவற்றிலும் எங்களுக்குச் சொல்லித்தரப்பட்டிருந்தது. அந்தத் தலையாட்டல் தவறு என்று உணர எனக்குப் பல ஆண்டுகள் எடுத்தன. மாஸ்டருக்கு அரை மணி நேரம்கூட எடுக்கவில்லை. அதைப் பின்னர் சொல்கிறேன்.

மேற்கத்திய இசையாளர்கள் இந்திய இசையை நாடியது ‘சக்தி’யுடன் தொடங்கவில்லை. 1962 இல் ரவி சங்கர் கலிபோர்னியாவின் ஜாஸ் கலைஞர் பட் ஷாங்குடன் ஓர் இசைத்தட்டில் இணைந்தார். ஜாஸ் உலகின் மாமேதைகளுள் ஒருவரான ஜோன் கொல்ட்ரேன், ரவி சங்கரின் இசையில் கொண்ட ஈடுபாட்டினால் 1965 இல் பிறந்த தம் மகனுக்கு ரவி என்றே பெயரிட்டார். இங்கிலாந்தில், ஜமெய்க்காவில் பிறந்த ஜோ ஹரியட்டும் கல்கத்தாவில் பிறந்த ஜோன் மேயரும் சேர்ந்து 1966 இல் ‘இந்தோ-ஜாஸ் சூட்’ என்ற இசைத்தட்டை வெளியிட்டனர். அதில் ஒருபுறம் ஜாஸ் குழு, மறுபுறம் சித்தாரும் தபேலாவும் அடங்கிய இந்தியக் குழு. இவை யாவும் மதிப்புக்குரிய முயற்சிகள். எனினும் இவற்றைக் கேட்கும்போது, இரு வீட்டார் நடுவில் ஒரு வேலியை வைத்துக்கொண்டு அன்பாகப் பேசிக்கொள்வது போன்ற உணர்வே எனக்கு ஏற்படுகிறது. ‘சக்தி’யில் அந்த வேலி இல்லை. அது எப்படிச் சாத்தியமானது என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

இதற்கு விடை தேடுவதானால் ஜோன் மக்லொக்லினிடமிருந்து தொடங்க வேண்டும். 1942 ஜனவரி 4ஆம் திகதி இங்கிலாந்தின் யோர்க்‌ஷயர் பகுதியிலுள்ள டொன்காஸ்டரில் பிறந்தவர். 1969 இல் அமெரிக்கா சென்றதும் மைல்ஸ் டேவிஸ் அவரைத் தம் ஒலிப்பதிவுகளில் சேர்த்துக்கொண்டார். ஜாஸ் இசையை மின் கருவிகளோடும் றொக் தாளத்தோடும் இணைத்து, பின்னாளில் ‘ஃபியூஷன்’ என்று பெயர் பெற்ற போக்கைத் தொடக்கிவைத்த ‘இன் எ சைலன்ட் வே’, ‘பிட்சஸ் புரூ’ ஆகிய இரு இசைத்தட்டுகளிலும் மக்லொக்லினின் கிற்றார் உண்டு. 1971 இல் அவர் தொடங்கிய சொந்தக் குழுவின் பெயர் மகாவிஷ்ணு ஓர்க்கெஸ்ட்ரா. வங்காளத்தைச் சேர்ந்த ஆன்மீக ஆசிரியர் ஸ்ரீ சின்மோயின் சீடராக அவர் இருந்தபோது பெற்ற பெயர் அது. பெயர் இந்தியப் பெயராயினும் இசை மின்சாரத்தின் பேரோசை. அரங்குகள் நிரம்பின. ‘பேர்ட்ஸ் ஒஃப் ஃபயர்’ என்ற அவர்களின் 1973ஆம் ஆண்டு இசைத்தட்டு பெரும் வரவேற்பைப் பெற்றது. ஆனால் அந்த ஆண்டு முடிவுக்குள்ளாகவே முதற் குழு உடைந்து போயிற்று.

அந்தப் புகழின் நடுவில் மக்லொக்லின் செய்த ஒரு காரியம் குறிப்பிடத்தக்கது. அவர் மாணவரானார். கொனெக்டிகட் மாநிலத்தின் மிடில்ரவுண் என்ற சிறிய ஊரில் வெஸ்லியன் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1960களின் தொடக்கத்திலிருந்தே அங்கு கர்நாடக இசை, சென்னையிலிருந்து சென்ற வித்துவான்களால் முறைப்படி கற்பிக்கப்பட்டு வந்தது. நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் சகோதரர் தி. ரங்கநாதன் 1963 இல் அங்கு மிருதங்கம் கற்பிக்கச் சென்றார். இன்னொரு சகோதரரான புல்லாங்குழல் வித்துவான் தி. விஸ்வநாதனும் அங்கு கற்பித்தார். மக்லொக்லின் அங்கே வீணை கற்றது கலாநிதி எஸ். இராமநாதனிடம். தமிழ் வாசகர்களுக்கு இந்தப் பெயர் வேறொரு வகையிலும் அறிமுகமாகியிருக்கும். சிலப்பதிகாரத்தின் இசை நுணுக்கங்களை ஆராய்ந்தவர் அவர். அந்த ஆய்வுக்கே வெஸ்லியன் அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. இளங்கோவடிகள் சொல்லும் யாழின் பாலைகளை ஆராய்ந்துகொண்டிருந்த ஒருவரிடம், உலகப் புகழ்பெற்ற மின் கிற்றார்க் கலைஞர் ஒருவர் வந்து பாலபாடத்திலிருந்து தொடங்கியிருக்கிறார். ‘சக்தி’யின் வேர் எந்த ஒலிப்பதிவுக் கூடத்திலும் இல்லை; இந்த வகுப்பறையில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அதே பல்கலைக்கழகத்தில் இசையியல் ஆய்வு மாணவராக ஓர் இளம் வயலின் கலைஞர் இருந்தார். பெயர் எல். சங்கர். 1950 இல் சென்னையில் பிறந்தவர். ஆனால் வளர்ந்தது யாழ்ப்பாணத்தில். அவருடைய தந்தையார் வி. லக்ஷ்மிநாராயண ஐயர் யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். தாயார் சீதாலக்ஷ்மியும் இசை வல்லவர். கச்சேரியில் பாடகருக்குப் பக்கத்துணையாக மட்டுமே இருந்த வயலினைத் தனிக் கச்சேரிக் கருவியாக உயர்த்த வேண்டும் என்பது லக்ஷ்மிநாராயண ஐயரின் வாழ்நாள் இலட்சியம். அதற்காக அவர் தம் பிள்ளைகளைக் கடுமையாகப் பயிற்றினார். மூத்தவர் எல். வைத்தியநாதன் பின்னாளில் ‘ஏழாவது மனிதன்’ திரைப்படத்துக்கும் ‘மால்குடி டேய்ஸ்’ தொலைக்காட்சித் தொடருக்கும் இசையமைத்தவர். அடுத்தவர் எல். சுப்பிரமணியம் உலகறிந்த வயலின் மேதை. இளையவர் சங்கர்.

1958ஆம் ஆண்டு இனக்கலவரத்தின் பின்னர் அந்தக் குடும்பம் இலங்கையை விட்டுச் சென்னைக்குத் திரும்பியது. சங்கருக்கு அப்போது எட்டு வயது. அந்த ஆண்டு மே மாதம் நடந்தவை பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. இறந்தவர்களையும், கப்பலேற்றி வடக்குக்கு அனுப்பப்பட்டவர்களையும் பற்றி நம் பத்திரிகைகளும் நூல்களும் பேசியிருக்கின்றன. ஆனால் ஒரு கலவரம் ஓர் ஊரிலிருந்து எந்த ஒலியை எடுத்துச் சென்றது என்று எவரும் கணக்கெடுப்பதில்லை. கடைகளுக்கும் வீடுகளுக்கும் நட்ட மதிப்பீடு உண்டு. மாலை வேளையில் ஒரு வீட்டில் மூன்று சிறுவர்கள் செய்த வயலின் சாதகம் நின்றுபோனதற்கு எந்த மதிப்பீடும் இல்லை. ஐயரின் குடும்பத்துக்குத் திரும்பிச் செல்ல ஒரு சென்னை இருந்தது. போவதற்கு வேறு ஊர் இல்லாதவர்களின் கதை வேறு. அதையும் மறந்துவிடக் கூடாது.

தாளத்துக்கு மூவர். மிருதங்கத்துக்கு வெஸ்லியனில் கற்பித்துக்கொண்டிருந்த இராமநாதபுரம் வி. ராகவன். கடத்துக்கு ‘விக்கு’ விநாயக்ராம். இவருடைய தந்தையார் ஹரிஹர சர்மா சென்னையில் தாளவாத்தியப் பள்ளி ஒன்றை நிறுவியவர். எம்.எஸ். சுப்புலட்சுமி போன்ற பெரும் கலைஞர்களுக்கு விநாயக்ராம் வாசித்திருந்தார். தபேலாவுக்கு, கலிபோர்னியாவில் அலி அக்பர் கான் நிறுவிய இசைக் கல்லூரியில் கற்பித்த சாகிர் ஹுசைன். அப்போது அவருக்கு வயது 24.

‘சக்தி’யைக் கிழக்கும் மேற்கும் சந்தித்த இசை என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். அது பாதி உண்மை. அதே அளவுக்குக் கடினமான இன்னொரு சந்திப்பும் அதற்குள் நடந்தது. அதுதான் வடக்கும் தெற்கும் சந்தித்தது. ஹிந்துஸ்தானி இசையும் கர்நாடக இசையும் ஒரே நாட்டில் வாழ்ந்தாலும் நெடுங்காலம் ஒன்றையொன்று தூரத்திலிருந்தே வணங்கி வந்தவை. தபேலாவுக்கு வேறு சொற்கட்டு, மிருதங்கத்துக்கு வேறு சொற்கட்டு. தாளத்தை எண்ணும் முறையும் வேறு. தபேலாவும் மிருதங்கமும் கடமும் ஒரே குழுவில் நிரந்தரமாக அமர்ந்து வாசிப்பது அன்று புதுமை. அந்த அறிமுகத்துக்கு அவர்கள் அமெரிக்கா வரை போக வேண்டியிருந்தது. ஊரில் அடுத்த வீட்டுக்காரனோடு பேசாதவர்கள் வெளிநாட்டில் ஒரே அறையில் தங்கி நண்பர்களாவதைப் புலம்பெயர்ந்த நம்மவர்கள் நன்கு அறிவார்கள்.

1975 ஜூலை 5ஆம் திகதி நியூயோர்க் மாநிலத்தின் லோங் ஐலண்டிலுள்ள சவுதாம்ப்ரன் கல்லூரியில் இந்த ஐவரும் நிகழ்த்திய கச்சேரியே அடுத்த ஆண்டு கொலம்பியா நிறுவனத்தினால் ‘சக்தி வித் ஜோன் மக்லொக்லின்’ என்ற பெயரில் வெளியிடப்பட்டது. ஒலிப்பதிவுக் கூடத்தில் வெட்டி ஒட்டிய இசை அல்ல அது. மூன்றே உருப்படிகள், ஏறத்தாழ 52 நிமிடங்கள்.

முதலாவது ‘ஜோய்’, அதாவது ஆனந்தம். 18 நிமிடம். இதுதான் எங்கள் சைக்கிளைத் தோற்கடித்த உருப்படி. கிற்றாரும் வயலினும் ஒன்றாக ஓடும் அந்தத் தொடக்கத்தைப் பல நூறு தடவை கேட்டுவிட்டேன். இரண்டில் எது எது என்று பிரித்தறிய முடியாத கணங்கள் அதில் உண்டு. பின்னர் ஒவ்வொருவரும் தனியே வாசிக்கிறார்கள். அதன்பின் கேள்வியும் பதிலுமாக ஒருவர் விட்டதை மற்றவர் பிடிக்கிறார். வாக்கியங்கள் நீண்டு தொடங்கிப் படிப்படியாகக் குறுகி, முடிவில் ஓரிரு சுரங்களாகச் சுருங்கி ஒன்றாகக் கலக்கின்றன. நம் கச்சேரிகளில் தனியாவர்த்தனத்தின் இறுதியில் மிருதங்கமும் கடமும் இவ்வாறு குறைத்துக் குறைத்து வந்து சேர்வதைக் கேட்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. கிற்றாரில் கேட்பதுதான் புதிது.

இரண்டாவது ‘லோட்டஸ் ஃபீட்’, தாமரைப் பாதங்கள். ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. இதில் வேகமே இல்லை. கிற்றார் தந்திகளை ஒவ்வொன்றாக மெதுவாக மீட்டிச் செல்ல, வயலின் ஓர் எளிய மெட்டைத் தாலாட்டுப் போல இசைக்கிறது. வித்தை காட்ட வல்லவர்கள் வித்தை காட்டாமல் இருப்பதே பெரிய வித்தை என்பதை இந்த ஐந்து நிமிடம் உணர்த்தும். ‘சக்தி’யை முதலில் கேட்க விரும்புவோர் இதிலிருந்து தொடங்குவது நல்லது. பதினெட்டு நிமிட ஓட்டம் சிலரைப் பயமுறுத்திவிடும்.

மூன்றாவது உருப்படியின் பெயரே ஒரு பத்தி அளவுக்கு நீண்டது. இது எனக்கு எதற்கு, அது எனக்கு எதற்கு, என் இறைவனின் பாதங்களில் ஆடுகிறேன், எல்லாம் ஆனந்தமே என்பது அதன் பொருள். 29 நிமிடம். இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்த உருப்படியின் சில பகுதிகள் எனக்கு இன்றும் அலுப்பைத் தருகின்றன. வேகத்தை மேலும் வேகத்தால் வெல்ல முனையும் இடங்கள் அவை. அரங்கின் கைதட்டல் கலைஞரை எங்கே இழுத்துச் செல்லும் என்பதற்கு நம் சபாக்களிலும் கோவில் மேடைகளிலும் உதாரணங்கள் நிறைய உண்டு. ஆயினும் அதே உருப்படியில் தாளக் கருவிகள் தனித்து உரையாடும் பகுதி, அந்த அலுப்புக்கு வட்டியும் முதலுமாக ஈடுசெய்து விடுகிறது.

அந்த உரையாடல் எவ்வாறு சாத்தியமாயிற்று? ஹிந்துஸ்தானித் தாளத்தில் ‘திஹாய்’ என்பார்கள். ஒரு சொற்கட்டை மும்முறை வாசித்து, மூன்றாவது முறையின் கடைசி அடி சரியாகத் தாளத்தின் தொடக்கத்தில் வந்து விழுமாறு முடிப்பது. கர்நாடக இசையில் தீர்மானமும் கோர்வையும் இதே வேலையைத்தான் செய்கின்றன. மொழி வேறு, முடிக்கிற முறை ஒன்று. எந்த இடத்தில் புறப்பட்டால் எந்த இடத்தில் சேரலாம் என்ற கணக்கு இருவருக்கும் பொது. ஆகவே பாதியில் எங்கே அலைந்தாலும் வாசலில் சந்தித்துவிட முடிந்தது. ஜாஸ் கலைஞருக்கோ, முன்கூட்டி எழுதாமல் மேடையிலேயே இசையைப் படைப்பது உயிர். நாம் மனோதர்மம் என்பது அதுவேதான். ஆனால் ஜாஸில் அடியில் சுரக்கூட்டுகள் மாறிக்கொண்டே இருக்கும். கலைஞர் அந்த மாற்றங்களின் மேல் நடக்க வேண்டும். இங்கே மாறாத ஒரு சுருதிதான் நிலம். மக்லொக்லின் தமக்குப் பழகிய மாறும் நிலத்தை விட்டுவிட்டு இந்த நிலத்துக்கு வந்தார்.

அதற்காக அவர் தம் கருவியையே மாற்றிக்கொண்டார். கிற்றாரின் கழுத்தில் மெட்டுக் கம்பிகள் பதித்திருப்பதால், வீணையில் போலத் தந்தியைத் தாராளமாக இழுத்துக் கமகம் கொண்டுவருவது கடினம். கிப்சன் நிறுவனத்துக்காக ஏப்ரகாம் வெக்டர் என்ற கைவினைஞர் வடிவமைத்த தனிக் கிற்றாரில், கம்பிகளுக்கிடையேயான மரப்பரப்பு உட்குழிவாகச் செதுக்கப்பட்டது. விரல் ஆழமாக அழுத்தித் தந்தியை வளைக்க அது இடம் தந்தது. பக்கவாட்டில் ஏழு அநுசுரத் தந்திகளும் குறுக்காகப் பூட்டப்பட்டன. மின்சாரமே வேண்டாம் என்று விட்டார். மின் கிற்றாரின் மன்னன் என்று போற்றியவர்களில் பலர் இதைக் கண்டு திகைத்தனர். புகழின் உச்சியில் இருந்த ஒருவர் தம்மைப் புகழுக்குக் கொண்டுவந்த கருவியைக் கீழே வைத்துவிட்டு, நிலத்தில் சம்மணமிட்டு அமர்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

அந்த அமர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். கர்நாடகக் கச்சேரி மேடையில் இருக்கை ஒழுங்கு உண்டு. நடுவில் பாடகர், இருபுறமும் வயலினும் மிருதங்கமும், அவற்றுக்குப் பின்னால் கடம். அதற்கு உபபக்கவாத்தியம் என்று பெயர். மிருதங்கம் விட்டுக்கொடுத்தால் கடத்துக்கு வாய்ப்பு, இல்லையேல் இல்லை. மானாமதுரை மண்ணைப் பிசைந்து சுட்ட பானைக்குத் தோலுமில்லை, நரம்புமில்லை. வாசிப்பவரின் வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் அதன் அடிநாதத்தை வரவழைக்க வேண்டும். ‘சக்தி’ மேடையில் அந்தப் பானை முன்வரிசைக்கு வந்தது. விநாயக்ராம் தபேலாவுக்கும் கிற்றாருக்கும் சமமாக வாசித்தார். கடத்தை உலகம் தனிக் கருவியாக அறிந்ததில் இந்த இசைத்தட்டின் பங்கு பெரிது. பின்னாளில் 1991ஆம் ஆண்டின் ‘பிளனெட் ட்ரம்’ இசைத்தட்டுக்குக் கிராமி கிடைத்தபோது அதில் அவரும் ஒருவர். சமூகத்தில் பின்வரிசையில் வைக்கப்பட்டவர்களுக்கு முன்வரிசையில் இடம் கொடுத்தால் என்ன நிகழும் என்று கேட்பவர்களுக்கு அந்தக் கடத்தின் ஒலியைப் போட்டுக் காட்டலாம்.

இனி மாஸ்டரின் ‘சாம்பார்’ குற்றச்சாட்டுக்கு வருவோம். கலப்பினால் இசை கெடும் என்ற வாதம் மிகப் பழையது. ஆனால் அந்த வாதத்தைக் கர்நாடக இசையின் பெயரால் முன்வைப்பவர்கள் மேடையின் இடப்புறம் திரும்பிப் பார்க்க வேண்டும். அங்கே இருக்கிற வயலின் எங்கிருந்து வந்தது? ஐரோப்பியக் கருவி அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் மேற்கத்திய முறையில் அதைக் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் அதில் வல்லவரானார். முத்துசுவாமி தீட்சிதரே ஆங்கிலேய பாண்டு வாத்திய மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் இயற்றினார். ‘நோட்டு ஸ்வரம்’ என்று அவற்றை இன்றும் குழந்தைகளுக்குக் கற்பிக்கிறார்கள். அந்நியக் கருவியைத் தோளிலிருந்து இறக்கி, நிலத்தில் அமர்ந்து, அதன் தலையைக் காலில் ஊன்றி, சுருதியை மாற்றி நம்முடையதாக்கிக்கொண்ட மரபு நம்முடையது. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் கலந்தது இன்று தூய்மை. இன்று கலப்பது மட்டும் கலப்படமா?

அதற்காகக் கலப்பதெல்லாம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. ‘ஃபியூஷன்’ என்ற பெயரில் இப்போது வருகின்றவற்றுள் பல, மாஸ்டர் சொன்ன சாம்பாராகவும் தேறாதவை. ‘சக்தி’ அவற்றிலிருந்து வேறுபடுவதற்குக் காரணம், அந்த ஐவரில் எவருமே அரைகுறையாக வந்தவர்கள் அல்லர் என்பது. ஒவ்வொருவரும் தத்தம் இசையில் ஆழமாக ஊன்றியவர்கள். தன் வீட்டை நன்கு அறிந்தவனுக்குத்தான் அடுத்த வீட்டின் விருந்தாளியாக இருக்கத் தெரியும். அதைவிட முக்கியம், அவர்கள் வாசித்ததைக் காட்டிலும் கேட்டது அதிகம். ஒருவர் வாசிக்கும்போது மற்றவர்கள் இடும் சிறு சிறு பதில்களைக் கவனித்தால் இது புரியும். கல்வியைவிடக் கேள்விக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரின் மொழியைப் பேசும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

‘சக்தி’ நீண்டநாள் நிலைக்கவில்லை. ராகவன் முதல் இசைத்தட்டோடு விலகினார். எஞ்சிய நால்வரும் 1976 இல் ‘எ ஹான்ட்ஃபுல் ஒஃப் பியூட்டி’, 1977 இல் ‘நாச்சுரல் எலிமென்ற்ஸ்’ ஆகிய இசைத்தட்டுகளை வெளியிட்டனர். முன்னதின் முதல் உருப்படி கொன்னக்கோலில் தொடங்குகிறது. 1978 இல் குழு கலைந்தது. சங்கர் பத்துத் தந்திகள் கொண்ட இரட்டை வயலினை உருவாக்கித் தம் வழியே சென்றார். 1997 இல் மக்லொக்லினும் சாகிர் ஹுசைனும் ‘றிமெம்பர் சக்தி’ என்ற பெயரில் மீண்டும் கூடினர். அதில் மாண்டலின் ஸ்ரீநிவாஸும், விநாயக்ராமின் மகன் செல்வகணேஷும், பின்னர் சங்கர் மகாதேவனும் இணைந்தனர். ஸ்ரீநிவாஸ் 2014 இல் 45 வயதில் மறைந்தார். 2023 இல் வெளியான ‘திஸ் மோமன்ற்’, 1977 இன் பின்னர் அவர்கள் கூடத்தில் பதிந்த முதல் ‘சக்தி’ இசைத்தட்டு. 2024 பெப்ரவரியில் அதற்குக் கிராமி விருது கிடைத்தது. பத்து மாதங்களில் சாகிர் ஹுசைன் போய்விட்டார்.

அந்த விறாந்தைக்குத் திரும்புகிறேன். இரண்டாம் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. வயலின் தனித்து ஒலிக்கத் தொடங்கியதும், சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக் கிடந்த மாஸ்டர் எழுந்து உட்கார்ந்தார். வாசிப்பது யார் என்று கேட்டார். நண்பருக்கு உறவினரின் கடிதத்திலிருந்து பெயர் தெரிந்திருந்தது. எல். சங்கர் என்றார்.

“லக்ஷ்மிநாராயண ஐயரின்ரை மகனோ?”

எங்களுக்குத் தெரியவில்லை. மாஸ்டர் அதற்கு மேல் கேட்கவில்லை. தாம் இளைஞராக இருந்தபோது ஐயரின் வாசிப்பைக் கேட்டிருப்பதாகவும், ‘ஐம்பத்தெட்டுக்குப் பிறகு’ அவர்கள் போய்விட்டதாகவும் மட்டும் சொன்னார். பின் முழங்காலில் தாளம் போட்டபடி கேட்கத் தொடங்கினார். சிறிது நேரத்தில் நண்பரின் கை சோர்ந்து வயலின் இழுபட்டபோது, எழுபது வயதுக்கு மேற்பட்ட அந்த மனிதர் எழுந்து வந்து, “விடும் தம்பி, நான் சுத்துறன்” என்று மிதியைப் பிடித்துக்கொண்டார். உருப்படி முடியும்வரை அவரே சுற்றினார்.

சாம்பார் என்ற சொல்லை அவர் அதன்பிறகு சொல்லவில்லை. நல்லது என்றும் சொல்லவில்லை. ஒலிநாடாவை மற்றப் பக்கம் திருப்பிப் போடச் சொன்னார்.

1995 ஒக்டோபர் இடப்பெயர்வின்போது அந்த ஒலிநாடா எங்கோ போயிற்று. நண்பர் இப்போது கனடாவில். மாஸ்டர் காலமாகிப் பல ஆண்டுகள். இப்போது அந்த 52 நிமிடத்தையும் எந்நேரமும் சுருதி இறங்காமல் கேட்க முடிகிறது. சாகிர் ஹுசைன் மறைந்த செய்தி வந்த இரவிலும் கேட்டேன். தபேலா நுழையும் இடங்களையே கவனிக்க வேண்டும் என்று நினைத்துத்தான் அமர்ந்தேன். ஆனால் வயலின் வந்ததும் காது அந்தப் பக்கம் போய்விட்டது.